"நூத்துக்கு 21... ஆச்சி ஃபெயிலா?" - மூளை ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

போன ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாமா ஒரு போட்டோ போட்டார். ஆச்சியின் எம்.ஆர்.ஐ ஸ்கேன் ரிப்போர்ட். அதற்குக் கீழே ஒரே வரி: "அம்மாவுக்கு மூளை சுருங்கிட்டாம். நூத்துக்கு 21தான் வந்திருக்கு."

பத்து நிமிடத்தில் அம்மாவிடமிருந்து போன். குரலே சரியில்லை. "ஏட்டி, நீ பத்திரிகையிலதான இருக்க? இது என்னன்னு யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லேன்..."

ஆச்சிக்கு 74 வயது. திருநெல்வேலியில் மாமா வீட்டில் இருக்கிறார். ஐந்தாறு மாதங்களாகவே மறதி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு இரண்டு முறை மறந்துபோனார். கரன்ட் பில் கட்டியாச்சா என்று ஒரே நாளில் நான்கு தடவை கேட்டார். டாக்டரிடம் காட்டினார்கள். அவர் ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஸ்கேன் முடிந்தது, சனிக்கிழமை ரிப்போர்ட் வந்தது. டாக்டரைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் செவ்வாய்க்கிழமைதான்.

அந்த மூன்று நாளில் என்னவெல்லாம் நடந்தது தெரியுமா? ஆச்சியை அடுப்படிக்குள் விடவில்லை. பேங்க் பாஸ்புக்கையும் ஏ.டி.எம் கார்டையும் மாமா வாங்கி வைத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் தனியாக நடந்து கோயிலுக்குப் போய்வருவார், அதுவும் நின்றது. வீட்டில் எல்லோரும் அவரிடம் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்தார்கள். "எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்க" என்று ஞாயிற்றுக்கிழமை என்னிடம் போனில் சொன்னார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஏனென்றால், அந்த ரிப்போர்ட்டில் இருந்தது எனக்கும் புரியவில்லை.

அது என்ன என்று தேடிப் படித்ததில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

அந்தக் கடைசிப் பக்கம்

வழக்கமான ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரிகள் மட்டும்தான் இருக்கும். ஆச்சியின் ரிப்போர்ட்டில் கடைசியாக ஒரு கலர் பக்கமும் இருந்தது. மூளையின் படம், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம், பக்கத்தில் ஓர் அட்டவணை. அதில் ஒரு வரியில் மாமா சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்: 'இடது ஹிப்போகேம்பஸ் - 2.9 மில்லி - 21 பெர்சன்டைல்.'

இதைத்தான் அவர் நூற்றுக்கு 21 மார்க் என்று படித்திருக்கிறார். 35 எடுத்தால்தானே பாஸ்!

மூளையின் பகுதிகளை ஸ்கேனிலிருந்து அளந்து, இத்தனை மில்லி என்று சொல்லும் இந்த முறைக்கு 'வால்யூமெட்ரி' என்று பெயர். பல வருடங்களாக ஆராய்ச்சிக்கூடங்களில் மட்டும் இருந்தது. இப்போது பெரிய மருத்துவமனைகளின் ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் எட்டிப்பார்க்கிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அப்படியென்றால், இந்த மாதிரி ஒரு பக்கம் இன்னும் நிறைய வீடுகளுக்கு வரப்போகிறது.

கிராஃப் பேப்பரில் இலையை வரைந்த ஞாபகம் இருக்கிறதா?

பள்ளிக்கூடத்தில் ஓர் இலையைக் கிராஃப் பேப்பரில் வைத்து, சுற்றி பென்சிலால் வரைந்து, உள்ளே எத்தனை கட்டங்கள் இருக்கின்றன என்று எண்ணியிருப்போம். முழுக் கட்டம் என்றால் ஒன்று. பாதிக்குமேல் இருந்தால் அதையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். பாதிக்குக் குறைவு என்றால் விட்டுவிட வேண்டும். அதுதான் இலையின் பரப்பளவு.

மூளையை அளப்பதும் அடிப்படையில் இதேதான். எம்.ஆர்.ஐ மெஷின் மூளையை மெல்லிய துண்டு துண்டான படங்களாக எடுக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் கனம் உண்டு என்பதால், படத்தில் நாம் பார்க்கும் ஒவ்வொரு புள்ளியும் உண்மையில் ஒரு குட்டிப் பெட்டி. இதை 'வாக்ஸெல்' என்கிறார்கள். நல்ல ஸ்கேனில் இந்தப் பெட்டி நீளம், அகலம், உயரம் எல்லாமே சுமார் ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அப்படி ஆயிரம் பெட்டிகள் சேர்ந்தால் ஒரு மில்லி. ஆச்சியின் இடது ஹிப்போகேம்பஸ் 2.9 மில்லி என்றால், அங்கே சுமார் 2,900 பெட்டிகளைக் கம்ப்யூட்டர் எண்ணியிருக்கிறது. ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி. அதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

இந்த ஹிப்போகேம்பஸ் என்பது என்ன? காதுக்கு உள்பக்கமாக, மூளையின் இரண்டு பக்கமும் ஆழத்தில் ஒவ்வொன்று இருக்கிறது. புது நினைவுகள் பதிவதற்கும் வழியை ஞாபகம் வைத்துக்கொள்வதற்கும் இது முக்கியம். பார்க்கக் கடல்குதிரைபோல வளைந்திருப்பதால், கடல்குதிரைக்கான கிரேக்கப் பெயரையே 16-ம் நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவர் அரான்ஸி இதற்கு வைத்தார். அல்சைமர் நோயில் ஆரம்பத்திலேயே பாதிக்கப்படும் இடங்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் எல்லோருடைய கண்ணும் இதன்மேல் இருக்கிறது.

எண்ணுவது சுலபம். எல்லையை வரைவதுதான் தலைவலி. ஹிப்போகேம்பஸின் முன்பக்கத்தில் அமிக்டலா என்ற இன்னொரு பகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் படத்தில் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். எங்கே இது முடிந்து அது ஆரம்பிக்கிறது? ஒருவர் இங்கே என்பார், இன்னொருவர் அங்கே என்பார். ஆரம்பக் காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு துண்டாகக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து, மவுஸை நகர்த்தி நகர்த்திக் கையால் எல்லை வரைந்தார்கள். ஒவ்வொரு ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு விதிமுறை. 'நமக்குள் ஒரு பொதுவான எல்லையை முடிவு செய்வோம்' என்று ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்கள் உட்கார்ந்தபோது, புழக்கத்தில் இருந்தவற்றில் 12 வரைமுறைகளை எடுத்து ஒப்பிட்டார்கள். நிபுணர்கள் பல சுற்று ஓட்டுப் போட்டுத்தான் பொதுவான ஒரு வரைமுறை 2015-ல் வந்தது. வாய்க்கால் வரப்புத் தகராறுக்குப் பஞ்சாயத்து வைத்த மாதிரிதான்!

இப்போது கையால் வரையும் வேலையை சாஃப்ட்வேர் செய்கிறது. அமெரிக்காவின் பாஸ்டனில் இருக்கும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் புரூஸ் ஃபிஷ்ல், ஆண்டர்ஸ் டேல் குழுவினர் உருவாக்கிய 'ஃப்ரீசர்ஃபர்' இதில் புகழ்பெற்றது. நிபுணர்கள் கையால் வரைந்த மூளைகளைப் பாடமாக வைத்துக்கொண்டு, புது மூளையின் ஒவ்வொரு பெட்டியும் எந்தப் பகுதியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போடும். 2002-ல் வெளியான அவர்களின் ஆய்வில் ஒவ்வொரு பெட்டிக்கும் 37 பெயர்களில் ஒன்றைக் கொடுத்தார்கள். அப்போது ஒரு மூளைக்குப் பல மணி நேரம் ஆகும். இப்போது வந்திருக்கும் ஏ.ஐ மென்பொருள்கள் சில நிமிடங்களில் முடித்துவிடுகின்றன.

ஆனால், நம் ஊரில் பெரும்பாலான இடங்களில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ரேடியாலஜிஸ்ட் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். அதற்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிலிப் ஷெல்டன்ஸ் 1992-ல் கொண்டுவந்தது. 0 முதல் 4 வரை. 75 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு 2 வந்தாலே கவனிக்க வேண்டும். அதற்குமேல் வயதானவர் என்றால் 2 வரைகூட வயதுக்கு ஏற்றதாக இருக்கலாம் என்பது பொதுவான வழக்கம். எண் ஒன்றுதான், வயது மாறினால் அர்த்தம் மாறுகிறது. இந்த இடத்தில்தான் எனக்கு மாமாவின் '21 மார்க்' மேல் சந்தேகம் வந்தது.

லண்டன் டாக்ஸி டிரைவர்கள் சொன்ன ரகசியம்

மூளையை அளக்கும் கதை என்றால் லண்டன் டாக்ஸி டிரைவர்கள் இல்லாமல் முடியாது. லண்டனின் கறுப்பு டாக்ஸியை ஓட்ட லைசென்ஸ் வேண்டுமென்றால், 'தி நாலெட்ஜ்' என்ற பரீட்சையில் தேற வேண்டும். சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் சுற்றளவில் இருக்கும் சுமார் 25,000 தெருக்களும் ஆயிரக்கணக்கான இடங்களும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். மேப் பார்க்கக் கூடாது. படித்து முடிக்க மூன்று நான்கு வருடங்கள் ஆகும். நம் ஊர் குரூப் ஒன் தேர்வுக்குப் படிப்பவர்கள் மாதிரி, தெருத் தெருவாக மொபெட்டில் சுற்றிச் சுற்றிப் படிப்பார்கள்.

இவர்கள் மூளை எப்படி இருக்கும் என்று யோசித்தவர் அயர்லாந்தில் பிறந்த விஞ்ஞானி எலினார் மக்வயர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்தார். 16 டிரைவர்களை ஸ்கேன் செய்து, டாக்ஸி ஓட்டாதவர்களோடு ஒப்பிட்டு 2000-ல் முடிவை வெளியிட்டார். டிரைவர்களின் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்தது. எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார்களோ, அதற்கேற்ப வித்தியாசமும் கூடியது. 2003-ல் இந்த ஆய்வுக்கு, 'முதலில் சிரிக்க வைக்கும், பிறகு சிந்திக்க வைக்கும்' ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது. 2025 ஜனவரியில் மக்வயர் காலமானார்.

இந்தக் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். 'டாக்ஸி ஓட்டினால் மூளை வளரும்' என்பதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால், அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. டிரைவர்களின் ஹிப்போகேம்பஸின் முன்பகுதி மற்றவர்களைவிடச் சிறியதாக இருந்தது. முன்னால் குறைந்து, பின்னால் கூடி, மொத்தத்தில் பார்த்தால் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. ஆச்சியின் ரிப்போர்ட்டில் வந்ததுபோல 'ஹிப்போகேம்பஸ் இத்தனை மில்லி' என்று மொத்தமாக ஒரே எண்ணைப் பார்த்திருந்தால், இந்தக் கண்டுபிடிப்பே நடந்திருக்காது.

சரி, பெரிய ஹிப்போகேம்பஸ் இருப்பவர்கள்தான் டாக்ஸி வேலைக்கு வருகிறார்களோ? மக்வயருக்கும் அந்தக் கேள்வி இருந்தது. அதனால் கேத்தரின் வூலெட் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்த 79 பேரை முதலிலேயே ஸ்கேன் எடுத்துவைத்தார். அவர்களில் 39 பேர்தான் கடைசியில் தேறினார்கள். மறுபடி ஸ்கேன் எடுத்தபோது, தேறியவர்களுக்கு மட்டும் பின்பகுதி வளர்ந்திருந்தது. தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. 2011-ல் வெளியான இந்த ஆய்வுதான் எனக்கு 2000-ல் வந்ததைவிடப் பெரியதாகப் படுகிறது. காரணம், இங்கே ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடவில்லை. அவரவரை அவரவரின் பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டார்கள்.

தண்ணீர் குடிக்காவிட்டாலும் மூளை 'சுருங்கும்'

ஆச்சிக்கு வந்த 2.9 என்ற எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? தேடிப் படித்ததில் என்னை அதிகம் ஆச்சர்யப்படுத்தியது இந்தப் பகுதிதான்.

ஜெர்மனியில் 2005-ல் ஆரோக்கியமானவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 16 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தபோது, அவர்களின் மூளையின் கொள்ளளவு சராசரியாக 0.55 சதவிகிதம் குறைந்தது. தண்ணீர் குடித்ததும் திரும்பக் கூடிவிட்டது. அரை சதவிகிதம்தானே என்று தோன்றலாம். ஆனால், வயதானவர்களுக்கு ஒரு வருடம் முழுவதும் ஏற்படும் தேய்மானமே கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கும்! ஸ்கேனுக்குள் படுத்திருக்கும்போது தலையை லேசாக அசைத்தாலும் சாம்பல் நிறப் பகுதி குறைவாக இருப்பதுபோலக் கணக்கு வரும் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆச்சி உள்ளே படுத்திருந்தபோது, சத்தத்தில் பயந்து இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தாராம்.

இன்னொன்று. 2012-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், ஒரே ஸ்கேன் படங்களை ஃப்ரீசர்ஃபரின் வெவ்வேறு பதிப்புகளில் போட்டுப் பார்த்தார்கள். பழைய பதிப்புகளுக்கும் புதிய பதிப்புக்கும் இடையே கொள்ளளவில் சராசரியாக 8.8 சதவிகிதம் வித்தியாசம் வந்தது. ஆள் அதே ஆள், ஸ்கேன் அதே ஸ்கேன், அப்டேட் செய்ததுதான் மாற்றம். கம்ப்யூட்டரையும் ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் மாற்றினால்கூட எண்கள் கொஞ்சம் மாறின.

இதை ஆச்சியின் 2,900 பெட்டிகளோடு பொருத்திப் பாருங்கள். வயதானவர்களுக்கு நோய் எதுவும் இல்லாவிட்டாலும் ஹிப்போகேம்பஸ் வருடத்துக்குச் சுமார் 1.4 சதவிகிதம் சுருங்குகிறது. அல்சைமர் நோய் இருந்தால் சுமார் 4.7 சதவிகிதம். 2009-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு இது. ஆச்சியின் கணக்கில் முதலாவது என்றால் வருடத்துக்கு 41 பெட்டிகள் குறையும். இரண்டாவது என்றால் 136. ஆனால், இவ்வளவு சிறிய ஓர் உறுப்பில் விளிம்பில் மட்டுமே, நான் தோராயமாகப் போட்டுப் பார்த்த வகையில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் வந்துவிடுகின்றன. பாதி ஹிப்போகேம்பஸ், பாதி மூளை நீர் என்று இரண்டும் கலந்து நிற்கும் பெட்டிகள் அவை. கிராஃப் பேப்பரில் 'பாதிக்குமேல் இருந்தால் ஒன்று' என்று சொன்ன அதே சங்கடம்.

அதற்காக அளவு எடுப்பதே வீண் என்று சொல்லவில்லை. வலிப்பு நோயில் இது நிஜமாகவே கைகொடுத்திருக்கிறது. மாத்திரைக்குக் கட்டுப்படாத சில வகை வலிப்பு, ஒரு பக்க ஹிப்போகேம்பஸிலிருந்து கிளம்பும். அந்தப் பக்கம் சுருங்கித் தழும்பாகியிருக்கும். எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் அறுவை சிகிச்சை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கிளிஃபோர்ட் ஜாக் குழுவினர் இடது, வலது இரண்டையும் அளந்து ஒப்பிட்டாலே பாதிக்கப்பட்ட பக்கத்தைக் கண்டுபிடிக்க உதவுகிறது என்று 1990-லேயே காட்டினார்கள். இங்கே ஒப்பிடுவதற்கு ஊரார் யாரும் தேவையில்லை. ஒரே தலை, ஒரே மெஷின், ஒரே நாள். அவருடைய வலது பக்கம்தான் அவருடைய இடது பக்கத்துக்கு அளவுகோல்.

யாரோடு ஒப்பிட்டு 21?

செவ்வாய்க்கிழமை நானும் ஊருக்குப் போய்விட்டேன். நரம்பியல் மருத்துவர் முன்னால் மாமா முதலில் கேட்ட கேள்வி, "21 வந்திருக்கே சார், இனிமே ஏறுமா?"

டாக்டர் ஒரு நிமிடம் புரியாமல் பார்த்தார். பிறகு அந்தக் கலர் பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: "இது மார்க் இல்லைங்க. உங்க அம்மா வயசுல இருக்கிற நூறு பேரை ஹிப்போகேம்பஸ் சைஸ்படி சின்னதுல இருந்து பெருசா வரிசையா நிக்க வெச்சா, இவங்க இருபத்தொண்ணாவது இடத்துல நிப்பாங்க. அவ்வளவுதான். வரிசையில யாராவது முன்னாடி நிக்கத்தான செய்யணும்? பொதுவா அஞ்சுக்குக் கீழ போனாதான் நாங்க கொஞ்சம் உத்துப் பார்ப்போம்."

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று நாளாக அவர் தூங்கியிருக்கவில்லை.

அங்கன்வாடியில் குழந்தையின் எடையைப் போட்டு ஓர் அட்டையில் கோடு வரைவார்களே, அதே மாதிரிதான் இந்தப் பெர்சன்டைலும். மூளைக்கும் அப்படி ஓர் அட்டை தயாரிக்க உலகம் முழுவதும் உள்ள விஞ்ஞானிகள் சேர்ந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் 1,23,984 ஸ்கேன்களைத் திரட்டி 2022-ல் வெளியிட்டார்கள். கருவிலிருந்து 100 வயதுவரை. மூளையின் மேலடுக்கிலிருக்கும் சாம்பல் நிறப் பகுதி சுமார் 6 வயதிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. உள்ளேயுள்ள வெள்ளைப் பகுதி சுமார் 29 வயதில். அதன்பிறகு மெதுவாக இறங்குமுகம்தான். அதாவது, 'வயது காரணமான சுருக்கம்' என்று எழுதினால் நம் எல்லோருக்கும் பொருந்தும், எனக்கும்தான். ஆனால், அந்த ஸ்கேன்களில் பெரும்பகுதி ஐரோப்பா, வட அமெரிக்காவைச் சேர்ந்தவர்களுடையது என்பதை அந்த விஞ்ஞானிகளே குறையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியென்றால், திருநெல்வேலி ஆச்சியை யாரோடு வரிசையில் நிற்க வைத்தார்கள்? ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்களாக அளவுகோலாக வைத்திருப்பது கனடாவின் மாண்ட்ரியால் நரம்பியல் நிறுவனம் 152 பேரின் ஸ்கேனிலிருந்து உருவாக்கிய 'சராசரி மூளை'. இந்தியர்களுக்கென்று ஒன்று வேண்டும் என்று ஹைதராபாத் ட்ரிபிள் ஐ.டி-யின் ஜெயந்தி சிவசுவாமி குழுவினர், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தோடு சேர்ந்து, 100 பேரின் ஸ்கேனிலிருந்து ஓர் இந்திய மூளை வரைபடத்தை 2019-ல் வெளியிட்டார்கள். மேற்கத்திய வரைபடங்களோடு ஒப்பிட்டால், இந்தியர்களின் மூளை சராசரியாக அளவில் சிறியதாக இருந்தது. உடனே அறிவு குறைவு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஐன்ஸ்டைனின் மூளை 1,230 கிராம்தான். சராசரி ஆணின் மூளையைவிடப் பெரியதில்லை. விஷயம் வேறு. வேறு ஊர்ச் சராசரியை வைத்து அளந்தால், இங்கே நன்றாக இருப்பவர்கூட 'சுருங்கியவராக'த் தெரியலாம். தலையின் அளவுக்கேற்ப சாஃப்ட்வேர் சரிசெய்து கொள்ளும் என்றாலும், எல்லா வித்தியாசத்தையும் அதனால் சரிக்கட்டிவிட முடியாது.

ஹைதராபாத் வரைபடம் ஆரோக்கியமான இளம் வயதினருடையது. 74 வயது ஆச்சியை அதில் பொருத்திப் பார்க்க முடியாது. ரிப்போர்ட் முழுக்கத் தேடினேன். அவரோடு வரிசையில் நின்ற மற்ற 99 பேர் எந்த நாட்டவர் என்று எங்குமே எழுதியிருக்கவில்லை.

ஸ்கேனை மூடிவைத்துவிட்டு...

டாக்டர் ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டு ஆச்சியோடு பேச ஆரம்பித்தார். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், மூன்று வார்த்தைகள் சொல்கிறேன், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள் என்று அரை மணி நேரத்துக்கும் மேல் போனது. ஏழைக் கழிக்கும் கணக்கில் ஆச்சி என்னைவிட வேகம். மூன்று வார்த்தைகளில் ஒன்று விட்டுப்போனது. சில கேள்விகளுக்குத் திரும்பத் திரும்ப "என்ன?" என்றார். மறதியா, காது கேட்கவில்லையா என்று டாக்டருக்குச் சந்தேகம். காது பரிசோதனைக்கும், தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனைகளுக்கும் எழுதிக்கொடுத்தார். இவை குறைந்தாலும் மறதி வரும், மனச்சோர்விலும் வரும். இவற்றைச் சரிசெய்ய முடியும் என்பதால் முதலில் இவற்றைப் பார்க்க வேண்டும் என்றார்.

ஆச்சிக்கு பி12 ரொம்பவே குறைவு. இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் குறைந்திருந்தது. கரன்ட் பில் பற்றி நான்கு முறை கேட்டதற்குக் காரணம், மூன்று முறை சொன்ன பதில் சரியாகக் காதில் விழாததாகவும் இருக்கலாம். ஊசி போட ஆரம்பித்தார்கள். காது மெஷினை முதலில் வேண்டாம் என்றவர், டி.வி சீரியல் தெளிவாகக் கேட்டதும் கழற்ற மறுத்துவிட்டார்.

மறதி முழுசாகப் போய்விட்டதா என்றால், இல்லை. குறைந்திருக்கிறது. அல்சைமர் இல்லவே இல்லை என்றும் டாக்டர் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஞாபகப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஒன்றரை வருடம் கழித்து இன்னொரு ஸ்கேன். "அந்த ரெண்டாவது ஸ்கேன் வரும்போதுதான் இந்த முதல் ஸ்கேனுக்கே மதிப்பு" என்றார். முடிந்தவரை அதே இடத்தில், அதே மெஷினில் எடுக்கச் சொன்னார். முக்கியமாக, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் இருக்கும் சி.டி-யைப் பத்திரமாக வையுங்கள் என்றார். எண்ணோடு எண்ணை ஒப்பிட்டால், சாஃப்ட்வேர் மாறியிருந்தால் கணக்கே தப்பாகிவிடும். பழைய படங்கள் இருந்தால் இரண்டையும் ஒரே சாஃப்ட்வேரில் போட்டு அளக்கலாம். பெரும்பாலான வீடுகளில் அந்த சி.டி-யைத்தான் முதலில் தூக்கிப்போடுகிறோம். உங்கள் வீட்டில் இருந்தால் தேடி எடுத்துவையுங்கள்.

நடைப்பயிற்சி பற்றியும் கேட்டேன். 2011-ல் அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு வருடம், வாரத்துக்கு மூன்று நாள், 40 நிமிடம் நடந்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் 2 சதவிகிதம் கூடியது. கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவுக்கு நல்ல செய்தி சொல்லவில்லை. டாக்டர் சிரித்தார். "மில்லி கூடுதோ இல்லையோ, நடக்கட்டும். கோயிலுக்குப் போறதை ஏன் நிறுத்தினீங்க?"

மாமா பதில் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே ஆச்சி கோயிலுக்குக் கிளம்பினார். கொஞ்ச தூரம் பின்னாலேயே, தெரியாத மாதிரி மாமாவும் போனார். பாஸ்புக் மறுநாள் திரும்ப வந்தது. அடுப்புக்கு மட்டும் ஒரு ஏற்பாடு; தானாக அணையும் டைமர் வைத்த இண்டக்‌ஷன் ஸ்டவ். ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை. ரசம் அதில் சரியாக வரவில்லையாம்.

போன வாரம் மாமா எனக்கு போன் செய்தார். ஆச்சியை இன்னொரு டாக்டரிடமும் காட்ட வேண்டுமாம், சி.டி-யைக் காணவில்லையாம், என்னிடம் கொடுத்தாரா என்று கேட்டார். பீரோ, டி.வி ஸ்டாண்டு எல்லாம் தேடியாகிவிட்டதாம். பின்னாலிருந்து ஆச்சியின் குரல் கேட்டது.

"என் டிரங்குப் பெட்டியில, கல்யாணப் பட்டுக்கு அடியில இருக்கு. அன்னைக்கே வச்சுட்டேன். உன்கிட்டயும் சொன்னேனே!"